பதிமூன்றாம் நாள் விடியற்காலை

2023 ஆகஸ்ட். சிறுசேரி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் டிராப் ஓட்டிக்கொண்டிருந்தேன். டெம்போ டிராவலர், நைட் ஷிப்ட். எங்கள் டிராவல்ஸில் அப்போது 9 வண்டி, 11 டிரைவர். ஞாயிறு எனக்கு லீவு என்றுதான் பேச்சு. ஆனால் ஆடி மாதத்து ஞாயிறு என்றால் மேல்மருவத்தூர், பெரியபாளையம் என்று கோயில் டிரிப் வரிசை கட்டி நிற்கும். "ஒரே ஒரு நாள்தான் தம்பி, பேட்டா சேர்த்துத் தர்றேன்" என்றார் ஓனர். மகளுக்கு டெர்ம் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். சரி என்றேன். காலை 4 மணிக்கு நைட் டூட்டியை முடித்துவிட்டு, 6 மணிக்கே கோயில் வண்டியை எடுத்தேன். அடுத்த ஞாயிறுக்கும் சரி சொல்லி வைத்திருந்தேன்.

அந்த இரண்டாவது ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை விடியற்காலை. ஓய்வே இல்லாமல் அது 13-வது நாள். கடைசி டிராப் அம்பத்தூர். வண்டியில் ஒரு பெண்ணும் செக்யூரிட்டி பையனும் மட்டும். வண்டலூர் வழியாக பைபாஸ் ஏறி, போரூர் தாண்டியாகிவிட்டது. ரோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்த மாதிரி தெரிந்தது. அதுவரைதான் ஞாபகம். அப்புறம் காதில் விழுந்தது "அண்ணே!" என்ற கத்தல். எதிரே இடது ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். பின்னால் வண்டி எதுவும் வராதது எங்கள் மூன்று பேரின் அதிர்ஷ்டம்.

ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். கை நடுங்கியதில் மூடியைத் திறக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் வாங்கித் திறந்து கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கண் மூடியதே எனக்குத் தெரியாது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதாகத்தான் நினைப்பு. 70-ல் போகிற வண்டி ஒரு நொடியில் 19 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மூன்று நொடி கண் அசந்தால் 58 மீட்டர் ஆள் இல்லாத வண்டிதான். முகம் கழுவுவது, டீ, ஜன்னலைத் திறப்பது எல்லாம் அன்று செய்து பார்த்தவைதான்.

எங்கள் தெருவில் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உனக்குச் சட்டம் தெரியுமாப்பா?" என்றார். அப்போது நடைமுறையில் இருந்தது மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்துக்கு அது பொருந்தியது. அது சொன்னது இதுதான்: ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. சர்வீஸ் தடைபடக்கூடாது என்று ஓய்வு நாளில் கூப்பிடலாம். ஆனால் முழு நாள் லீவு இல்லாமல் தொடர்ந்து 10 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. பறிபோன ஓய்வு நாளுக்குப் பதிலாக வேறொரு நாள் லீவை அந்த மாதத்திலோ அடுத்த இரண்டு மாதத்துக்குள்ளோ தர வேண்டும். ஓய்வு நாளில் ஓட்டினால் சம்பளம் இரண்டு மடங்கு. ஒரு நாள் டூட்டி முடிந்து மறுநாள் டூட்டி தொடங்க 9 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்.

2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அந்த 10 நாள் வரம்பும் இரட்டைச் சம்பளமும் அதிலும் இருக்கின்றன.

டிரிப் ஷீட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு ஓனரிடம் போனேன். "நீதானேப்பா ஒத்துக்கிட்ட?" என்றார். ஒத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் நான் தலையாட்டினால் மாறிவிடுகிற விதி இல்லை அது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் சம்மதம் கேட்கவில்லையே! அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு பதில் லீவு கிடைத்தது. இரட்டைச் சம்பளம் முழுதாக வரவில்லை. தீபாவளி வரை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது, தொழிலாளர் துறைக்கு எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

வேளச்சேரியில் ஒரு நண்பன், ஆறு நாள் கம்பெனி கார், ஞாயிறு ஆக்டிங் டிரைவர், அதாவது வேறு ஒருவர் காரை நாள் கூலிக்கு ஓட்டுவது. "அது வேற ஓனர்டா, இதுல சேராது" என்பான். எந்த ஓனருக்கு ஓட்டுகிறோம் என்று அசந்து போகிற கண்ணுக்குத் தெரியாது. நான் எத்தனை சொல்லியும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

அந்த இரண்டாவது ஞாயிறு, சரி சொல்லியிருந்தும் பிறகு நான் மறுத்த டிரிப்புக்கு வேறு பையனை அனுப்பினார்கள். அவனுக்கு அது எத்தனையாவது நாள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது எங்கள் பதினொரு பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருக்கிறது. வியாழக்கிழமை இரவு ஒவ்வொருவரும் தொடர்ந்து ஓட்டிய நாளை எண்ணாகப் போட வேண்டும். எட்டு என்று யார் போட்டாலும், ஞாயிறு பதினொன்றாகிவிடும் என்பதால், அந்த ஞாயிறு அவருக்கு டிரிப் இல்லை.