ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு: மலையில் வயதானபின் காலைத் திரும்பப் பெற்றவர்கள்

குன்னூர், வயது 67, ஓய்வுபெற்ற தபால்காரர்

34 வருஷம் தபால் பையைத் தோளில் போட்டு இந்த மலையில் நடந்தவன் நான். எஸ்டேட் லைன் வீடுகள், படகர் இன மக்களின் ஹட்டி எனும் ஊர்கள், தேயிலைக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் என் பீட்டில் இருந்தன. மாசம் பிறந்தால் முதியோர் உதவித்தொகை மணியார்டர்களை எடுத்துக்கொண்டு போவேன். திண்ணையைப் பிடித்துப் பிடித்து எழுந்துவரும் பெரியவர்களைப் பார்க்கும்போது, நமக்கு இந்த நிலை வராது, நாம் நடக்கிற ஆள் என்று நினைத்திருக்கிறேன்.

60 வயதில் வேலை முடிந்தது. நடையும் அன்றோடு முடிந்தது. கடைக்கு மினி பஸ், கோயிலுக்கு ஆட்டோ, மற்ற நேரம் நாற்காலி. நாலு வருஷத்தில் 11 கிலோ கூடிவிட்டேன். அது மெல்ல மெல்ல வந்ததால் எனக்கே தெரியவில்லை. சட்டைப் பொத்தானுக்குத்தான் தெரிந்தது.

64 வயதில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், மார்க்கெட்டுக்கு இறங்கும் படியில் விழுந்தேன். எல்லாரும் வழுக்கிவிட்டது என்றார்கள். வழுக்கவில்லை. படி காய்ந்துதான் இருந்தது. வலது காலைக் கீழ்ப்படியில் வைக்கும்போது இடது முட்டி சட்டென்று மடங்கியது, தொடை தாங்கிப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். எலும்பு முறியவில்லை என்பது என் பாக்கியம். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படியைப் பார்த்தாலும் வயிற்றில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பெண், என் மகள் வயசு. முதல் கேள்வியே, "எது கஷ்டமா இருக்குங்க ஐயா, ஏறுறதா, இறங்குறதா?" என்பதுதான். அதுவரை என்னிடம் யாரும் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. "ஏறினா மூச்சு வாங்குது. இறங்கினாத்தான் பயமா இருக்கு" என்றேன்.

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்தார். கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். 8 வந்தது. 60 முதல் 64 வயது வரையுள்ள ஆணுக்கு 14க்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டும், அது விழக்கூடிய ஆள் என்பதற்கு ஓர் அடையாளம் என்றார். மணியார்டர் கொண்டுபோன மனுஷன் 8 தடவை எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன், எனக்கு உதவியது இதுதான். மேடு ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டும், அதுதான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. "மேட்டுப்பாளையம் ரோட்டுல இறங்குற லாரி பிரேக்கை மட்டும் அழுத்திக்கிட்டே வந்தா சூடாகிப் போயிடும்ல? கியர்ல பிடிச்சுத்தான இறக்குறாங்க. உங்க தொடைதாங்க அந்த கியர்." அந்த ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனையோ தடவை பஸ்ஸில் இறங்கியவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆறு வாரம் மேடு பள்ளம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலி மட்டும். எழுந்திருப்பது எப்படியோ போகட்டும், உட்காருவதை மட்டும் நாலு எண்ணி மெதுவாகச் செய்ய வேண்டும். தொப்பென்று விழக்கூடாது. எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரம் தொடை கல்லாகிப் போனது, செய்த அன்றைவிட அதற்கு மறுநாளும் அடுத்த நாளும்தான் வலி அதிகம். புதிதாக இந்த இறக்க வேலையைச் செய்கிற தசைக்கு அப்படித்தான் வரும், இரண்டு மூன்று நாளில் அடங்கும், மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ மட்டும் உடனே வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன். அந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு வாசலில் உள்ள ஒற்றைப் படி. சுவரைப் பிடித்தபடி மேலே நின்று, ஒரு காலை மெல்லக் கீழே இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப எடுப்பது. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி நிற்பது. மூன்றாம் மாதம்தான் ரோடு. அதிலும் எல்லாரும் செய்வதற்கு நேர்மாறாக ஆரம்பித்தேன். பஸ்ஸில் சிம்ஸ் பூங்கா வரை ஏறிப் போய், அங்கிருந்து பெட்போர்டு வழியாக நடந்து இறங்கினேன். முதலில் பாதி வழி, பிறகு பஸ் ஸ்டாண்டு வரைக்கும். ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் ஆட்களை இப்படிச் சில மாதம் நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதம் நடந்து ஏறி கேபிள் காரில் இறங்குவது, இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்குவது. இறங்கி நடந்தபோது உடம்பு சர்க்கரையைக் கையாளுவது மேம்பட்டது, ஏறி நடந்தபோது ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடு குறைந்தது. ஆக இறக்கம் என்பது சும்மா வருகிற வழி இல்லை, அதுவும் வேலைதான்.

போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. காலை ஏழரை மணி, மூடுபனி. வளைவு திரும்பியதும் பத்தடி தூரத்தில் ஒற்றைக் காட்டெருமை, ரோட்டோரப் புல்லை மேய்ந்துகொண்டு நிற்கிறது. வளர்ந்த ஆண், ஒரு டன்னுக்குக் குறையாது. தலையைத் தூக்கி மூச்சை வெளியே விட்டது. இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஓடக்கூடாது, அதற்கும் காட்டுக்கும் நடுவில் நிற்கக்கூடாது. முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்னால் அடி எடுத்தேன். பின்னால் மேடு. நாற்பது அடி இருக்கும், பின்னோக்கியே ஏறினேன். ஒருமுறைகூட முட்டி மடங்கவில்லை. ஒரு வீட்டு கேட்டுக்குள் நுழைந்து நின்றபோதுதான் கால் நடுங்கியது. அது பயத்தின் நடுக்கம், பலவீனத்தின் நடுக்கம் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்த நாள் அது.

இப்போது 30 விநாடியில் 15 வருகிறது. எடையில் 7 கிலோ குறைந்திருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறையும் என்று முட்டி தேய்ந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வில் கண்டிருக்கிறார்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள், குறிப்பாக மலையில் இருப்பவர்கள்.

கொடைக்கானல், வயது 71, ஓய்வுபெற்ற ஆசிரியை

ஐயா, உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஓய்வுக்குப் பிறகு ஒருநாள்கூட நடையை விட்டதில்லை. நாயுடுபுரத்திலிருந்து இறங்கி வந்து ஏரியை ஒரு சுற்று, அதுவே 5 கிலோமீட்டர். 1863ல் உருவாக்கிய ஏரி, அதைச் சுற்றி ஒரே சமமான ரோடு. எனக்கு எந்தக் குறையும் வராது என்று நம்பினேன்.

68 வயதில் பாசி பிடித்த கல்லில் கால் வைத்து, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. பரிசோதித்தபோது இடுப்பெலும்பின் அடர்த்தியை இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.7. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரை. "தினமும் நடக்கிறேனே டாக்டர்" என்று அழாத குறையாகச் சொன்னேன். சமதரை நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணின் எலும்பைக் காக்க அது மட்டும் போதாது, எலும்பின் மேல் பாரம் விழ வேண்டும், விழாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும் என்றார். மாத்திரையும் கொடுத்தார், அதை விடாமல் சாப்பிடுகிறேன்.

இப்போது பால் பொங்கும் நேரம் என் பயிற்சி நேரம். ஒரு விரல் மேடைமேல், ஒற்றைக் காலில் நிற்பேன். முதலில் மூன்று விநாடி. இப்போது இருபது, விரலை எடுத்துவிட்டு. இரண்டு கையிலும் அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிப் பயிற்சியும் உண்டு. ஏரியை விடவில்லை. ஆனால் வாரம் இரண்டு நாள் கோக்கர்ஸ் வாக்குக்குப் போகிறேன். அங்கே போகும் வழி மேடு, அதற்காகவே.

ஒன்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எனக்கு இன்னும் ஈரக்கல்லைப் பார்த்தால் கை வலிக்கிறது.

கோத்தகிரிப் பக்கம், அம்மாவுக்காக மகள் எழுதுவது

அம்மாவுக்கு 78. சிலோன்ல பொறந்து, அங்கேயும் கொழுந்து எடுத்து, சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்க வந்தும் கொழுந்து எடுத்தவங்க. இதைப் படிச்சுக் காமிச்சேன். அவங்க சொன்னதை எழுதுறேன்.

"மலைக்குப் போனவளுக்கு என்னத்துக்குடி தனியா ஒடம்புப் பயிற்சி. நெத்தியில கயிறு, முதுகுல கூடை, அந்தச் செங்குத்துல நாள் முச்சூடும் நின்னு பேர் போட்டவ (முழுநாள் வேலை செஞ்சவ) நானு. காலு கல்லு மாதிரி இருந்துச்சு. வேலைய விட்டதும் எங்க போச்சுன்னுதான் தெரியல."

இப்ப தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியறதில்ல. ரெண்டு பேர் தூக்கணும். அது அவங்களுக்கு ரொம்ப அவமானமா இருக்கு, அதனால தரையிலயே உக்காரறதை விட்டுட்டாங்க. இந்த வயசுல தசை திரும்ப வருமான்னு யாராவது சொல்லுங்க. நிஜமா கேக்குறேன்.

உதகமண்டலம், வயது 69, ஓய்வுபெற்ற செவிலியர்

வரும். 1990ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுள்ள 10 பேருக்கு எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றார், முடித்த 9 பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அம்மாவுக்கு இன்னும் 78தானே.

தரையிலிருந்து எழுப்புவதை இப்போதே செய்ய வேண்டாம். கட்டிலில் ஆரம்பியுங்கள். உயரமான கட்டில், பிறகு நாற்காலி, பிறகு முக்காலி, கடைசியில் மடித்த ஜமுக்காளம். ஒவ்வொன்றுக்கும் சில வாரம். பக்கத்தில் நீங்கள் இருங்கள், ஆனால் தூக்காதீர்கள். சாப்பாட்டையும் பாருங்கள். வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 50 கிலோ ஆள் என்றால் 50 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். பன்னும் டீயுமாகக் காலைச் சாப்பாடு முடிந்தால் தசை எதிலிருந்து வரும்? நம் ஊர் அவரைக்கும் மொச்சைக்கும் குறைவில்லை, தினமும் ஒரு கிண்ணம் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வையுங்கள்.

மற்றவர்களுக்கும் சில சொல்கிறேன், வார்டில் பார்த்ததால் சொல்கிறேன். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது விடியற்காலை நடைக்குப் போகாதீர்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும். வெயில் வந்தபின் கிளம்புங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. சென்னையில் பிள்ளை வீட்டில் மூணு மாசம் இருந்துவிட்டுத் திரும்பினால் ஒரு வாரம் மெதுவாகவே நடங்கள். வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம், மாத்திரை அதை ஏறவிடாது. சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் இல்லாமல் வெளியே போகக்கூடாது, நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

மேடு ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறதென்றால் அது வாயு இல்லை. தயவுசெய்து அன்றே இதய மருத்துவரிடம் போங்கள். வாயு என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அளவு கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 65 தாண்டியவர்களுக்கு அதோடு சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாளாவது.

குன்னூர், வயது 67

டீச்சரம்மா, மழைக்காலத்தில் நான் படிப்பக்கமே போவதில்லை. வாசல் ஒற்றைப் படி ஓடு வேய்ந்த தாழ்வாரத்துக்குள் இருக்கிறது, நனையாது. அதில்தான் ஒரு காலுக்கு முப்பது இறக்கம். மழை விட்டு வெளியே போனால் கைத்தடி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம்தான் தடியின் உயரம். அடியில் ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள், தேய்ந்த ரப்பர் ஈரத்தில் வழுக்கும். இறங்கும்போது தடியை முன்னால் கீழே ஊன்றிவிட்டுத்தான் கால். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்குங்கள், தேயிலைப் பாதைகளை அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

கோத்தகிரி மகளுக்கு: அம்மா எண்ணி உட்காரும்போது நீங்களும் எதிரில் ஒரு நாற்காலி போட்டுச் சேர்ந்து உட்காருங்கள். என் வீட்டில் என் மனைவி அப்படித்தான் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அவசரப்படுவேன், அங்கே மட்டும் அவள் குரலை நீட்டுவாள்.