கோழி ‘லேம்னஸ்’: முடமா, நொண்டலா, தாங்கலா?

அன்புள்ள குழுவினருக்கு,

மகளிர் குழுக்களுக்கான நாட்டுக்கோழிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் அட்டவணையின் தலைப்பே ‘லேம்னஸ்’, அதாவது கோழி சரியாக நடக்க முடியாத நிலை. ‘முடம்’ என்று போட்டு, எங்கள் தெருவில் முட்டைக்கோழி வளர்க்கும் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். “முடமான கோழிக்கு என்ன வைத்தியம்? குழம்புதான்” என்றார். அவர் கோழியே அப்போது ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. தூக்கி உள்ளங்காலைத் திருப்பினால் நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. குழம்புக்குப் போகிற கோழியே இல்லை. வேறு சொல் தாருங்கள்.

– கையேட்டுக்காரன்

*

தம்பி, முடம் என்பது நிலைத்த குறை. குறுந்தொகை 60இல் மலைத்தேனைச் சுட்டிக்காட்டிக் கையை நக்குகிறானே, அந்த முடவன் எழுந்து நடக்கப் போவதில்லை. நோய்க்குறிக்கு ‘நொண்டல்’ போடுங்கள். நொண்டு என்னும் பகுதியோடு அல் சேர்ந்த தொழிற்பெயர். நொள், நொய், நொடி, நொண்டு அனைத்துக்கும் தளர்ச்சியே அடிப்படை என்பது என் துணிபு. நொள்ளைக்கண்ணும் அப்படித்தான். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

*

> நொள், நொய், நொடி, நொண்டு

ஐயா, வேர் ஒரு பக்கம் இருக்கட்டும். வாசலில் கோழியோடு நிற்பவருக்கு மூன்று நிலைகள் பிரிந்து தெரிய வேண்டும்.

அந்த அக்காவின் கோழிக்கு வலி, அதனால் காலை ஊன்றவில்லை. உயரமான பரணிலிருந்து குதித்தோ, முள் குத்தியோ பாதத்தில் கிருமி நுழைந்திருக்கும். பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ். இதைக் ‘கால் ஆணி’ என்று எழுதிவிடாதீர்கள். ஆணி வெறும் தடித்த தோல், இதற்குள்ளே சீழ். கோழிச் சீழ் நீராக வடியாது, பனீர் மாதிரி கட்டியாக இருக்கும்.

மாரெக் நோயில் வலியைவிட நரம்புதான் பிரச்சினை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடக்கும். 1907இல் ஹங்கேரி மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்தது. குஞ்சு பொரிந்த அன்றே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், வந்தபின் மருந்து இல்லை.

மூன்றாவது, காலில் ஒன்றுமே இல்லாமல் நடக்காத கோழி. முட்டை சிக்கியிருந்தால் வாலைத் தாழ்த்தி, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கும். எல்லாவற்றுக்கும் ‘நொண்டல்’ என்றால் மாரெக் கோழிக்கும் காலில் மஞ்சள் பற்றுப் போடுவார்கள்.

– கால்நடை மருத்துவர்

*

எங்கள் பாட்டி “கோழி காலைத் தாங்குது” என்பார். வலிக்கு ‘தாங்கல்’, நரம்புக்கு ‘துவளல்’. முடிந்தது கதை.

– சேலத்திலிருந்து

*

தாங்கல் என்றால் ஏரி ஐயா! வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் எப்படி வந்தன? கோழிக்குத் தாங்கல் என்று எழுதினால் சென்னைக்காரர்கள் மின்சார ரயிலைப் பிடிக்கப் போவார்கள். பேசாமல் ‘நொண்டி’ என்றே விடலாமே?

– தாம்பரத்திலிருந்து

*

நொண்டி ஆளைக் குறிக்கும், அதுவும் வசவாக. சிந்து என்னும் பாட்டு வகைக்கு வேண்டுமானால் பொருந்தும். பாரதியின் ‘நெஞ்சு பொறுக்குதிலையே’ நொண்டிச்சிந்துதானே. எங்கள் ஊரில் கோழி கெந்திக் கெந்தி நடக்கும். ‘கெந்தல்’ ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

– யாழ்ப்பாணத்தவள்

*

கெந்துவது பிள்ளைகள் விளையாட்டு அம்மா. அதற்கு வேர் தேடப் போனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். ராணிக்கெட் என்னும் கோழி நோய்க்கு ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று பெயர் நின்றது, கழிச்சலைப் பார்த்த கண் வைத்த பெயர் என்பதால். வேரைப் பார்த்து வைத்திருந்தால் நின்றிருக்குமா?

– கால்நடை மருத்துவர்

*

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் ‘நொண்டல்’, இரண்டு பேர் ‘தாங்கல்’, கெந்தலுக்கு ஒன்று. தலைப்பில் ‘நொண்டல்’ போட்டுவிட்டேன். அதன் கீழே மூன்று கேள்விகள்: காலைத் தாங்குகிறதா? கால் துவள்கிறதா? கால் சரியாக இருந்தும் அசையாமல் நிற்கிறதா? அக்காவிடம் காட்டினேன். கேள்விகளை மட்டும் படித்தார், தலைப்பைப் பார்க்கவே இல்லை. அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

– கையேட்டுக்காரன்

*

அப்போது என் தாங்கல்தான் உள்ளே போயிருக்கிறது, பெயர்தான் வெளியே இல்லை. இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

– சேலத்திலிருந்து

*

‘நொள்’ வேர் பற்றிய முதல் பகுதி இணைப்பில். பதினான்கு பக்கம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியன்