புதுப்பிப்பு: ஈர மணலில் கத்திக்கொண்டே இருந்த டிடெக்டர்

காய்ந்த மணலில் ஒழுங்காக இருக்கும் மெட்டல் டிடெக்டர், அலையோரம் போனதும் சும்மா சும்மா கத்துகிறது, காயில் (மணல் மேல் ஆட்டும் வட்டத் தலை) போய்விட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, காயிலுக்கு ஒன்றும் இல்லை. ஒரு காந்தத்தை பாலிதீன் பையில் போட்டு மணலில் இழுத்துப் பார்த்தேன், எடுக்கும்போது தாடி முளைத்த மாதிரி கரு மணல் அப்பியிருந்தது.

மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. அதோடு மின்சாரம் கடத்தும் உப்புத் தண்ணீர் வேறு. என்னுடையது ஒற்றை அலைவரிசைக் கருவி, கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணிலிருந்தே வரும் சிக்னலைக் கழிக்கும் அமைப்பு) ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றதுக்குக் கத்தும். சென்சிடிவிட்டியைப் பாதிக்கும் கீழே இறக்கி, ஈர மணலிலேயே திரும்ப பேலன்ஸ் செய்து, கரைக்கு இணையாக நடந்தேன் (மேலும் கீழுமாக நடந்தால் ஈரம் மாறிக்கொண்டே இருக்கும், அதுதான் நான் செய்த தப்பு). சத்தம் பெருமளவு அடங்கிவிட்டது. ஆழம் குறைந்தது உண்மைதான், ஆனாலும் நான்கு விரல் ஆழத்தில் ஒரு நாணயம் கிடைத்தது.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற வேறு வகை டிடெக்டரை வாங்கச் சொன்னவர்களுக்கு: கரு மணலை அது நன்றாகவே சமாளிக்கும், ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லாது, எத்தனை ஆணிதான் தோண்டுவது? பல அலைவரிசைக் கருவிக்குத்தான் காசு சேர்க்கிறேன்.