அட்டை கேட்டு வந்த பையன்

மெடிக்கல் அக்கா:
திருச்சிப் பக்கம் ஒரு மெடிக்கலில் 11 வருடமாக வேலை. போதை என்றால் கஞ்சா, மிஞ்சினால் கூல் லிப் என்றுதான் பெற்றவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அது மாத்திரை அட்டையில் வருகிறது.

போன சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். “அப்பாவுக்கு இடுப்பு வலிக்கா” என்று டேபென்டடால் என்கிற கடுமையான வலி மாத்திரை ஒரு அட்டை கேட்டான். கூடவே இரண்டு சிரிஞ்சு, சின்ன சலைன் பாட்டில். மாத்திரை விழுங்குகிறவருக்கு சிரிஞ்சு எதற்கு? சீட்டு எங்கே என்றேன். போனில் ஒரு படத்தைக் காட்டினான். தேதி இருக்கவேண்டிய இடத்தில் அவன் கட்டைவிரல். இல்லை என்றதும் “டபுளா தர்றேன்க்கா” என்று நோட்டை நீட்டினான். சட்டைக் கை மேலேறியது. முழங்கை உள்பக்கம் நரம்பு கறுத்து, கயிறு மாதிரி தடித்திருந்தது.

இடித்துக் கரைத்து ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் மாவும் பவுடரும் சரியாகக் கரையாது. நரம்பை அடைக்கும், சீழ் வைக்கும், நுரையீரல் வரை போகும். அளவு கூடினால் மூச்சு மெதுவாகி நின்றே போகும். பக்கத்தில் இருப்பவன் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

அதே வகை வலி மாத்திரையான டிராமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அப்புறம் எங்கள் கடையில் கேட்கிற பெயர் மாறியது, அவ்வளவுதான். சீட்டில்லாமல் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

தம்பிக்கு அக்கா:
அந்த நரம்பை என் தம்பி கையில் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சளி. மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி, உடம்பெல்லாம் புல்லரிக்கும். அம்மா கஷாயம் வைத்துக் கொடுப்பார். குடித்துவிட்டு வெளியே போவான், இரண்டு மணி நேரத்தில் தெளிவாக வருவான். கஷாயம் கேட்டது என்று அம்மாவுக்குப் பெருமை வேறு. அது சளி இல்லை, போதை இறங்கும்போது உடம்பு தவிக்கிற தவிப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒருநாள் பைக் சீட்டுக்கு அடியில் இன்சுலின் ஊசியின் ஆரஞ்சு மூடிகள் கிடந்தன. வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது.

பயந்துபோய் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். பூட்டி வைத்தார்கள், அடித்தார்கள், மருந்து என்று எதுவும் தரவில்லை. மூன்று மாதம் கழித்து வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டான். உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்திருந்தது. உதடு நீலமாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் அந்த மருந்தின் வேகத்தை முறிக்கும் நாலாக்சோன் போட்டு இழுத்து வந்தார்கள். ஊசியைப் பகிர்ந்ததில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் ஒட்டியிருந்தது. அதற்கு 12 வாரம் மாத்திரை.

லாரி மாமா:
என் அண்ணன் மகனுக்கும் இதே கொட்டாவிதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடுமோ என்று அண்ணன் நடுங்குகிறார்.

தம்பிக்கு அக்கா:
நாங்களும் அப்படித்தான் ஆறு மாதம் மூடி வைத்தோம், மாமா. போதைக்கு அடிமையானவர் தானாக சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது. முதலில் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போடச் சொல்லுங்கள், காசு கிடையாது. என் தம்பி இப்போது தினமும் காலையில் பஸ் பிடித்து சிகிச்சை மையத்துக்குப் போய், ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை அங்கிருப்பவர்கள் கண்ணெதிரே நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். ராத்திரி அவன் கொட்டாவி விட்டால் மட்டும் அம்மா எழுந்து வந்து பார்க்கிறார்.