அப்பத்தா வீட்டுத் தேக்கு அலமாரி: பெயிண்டா, பாலிஷா?

மலர்_கோவை:
தேவகோட்டையில் அப்பத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது இரட்டைக் கதவு அலமாரி ஒன்று என் பங்குக்கு வந்தது. ஆறடி உயரம், அடியில் இழுப்பறை, பித்தளைக் குமிழ். பர்மா தேக்கு என்கிறார்கள், ஆனால் மரம் கண்ணுக்கே தெரியவில்லை. எழுபதுகளில் வெளிப்பக்கம் முழுக்க சாக்லேட் கலர் எனாமல் அடித்துவிட்டார்கள். அது இப்போது ஓரங்களில் செதில் செதிலாக உரிகிறது. பின்னங்கால் ஒன்றைக் கரையான் தின்றிருக்கிறது. எங்கள் ஃபிளாட்டில் வெளிச்சம் குறைவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெளிர் நீலத்தில் சாக் பெயிண்ட் (சுண்ணாம்பு போலப் பளபளப்பில்லாமல் காயும் பெயிண்ட்) அடித்து மகள் அறையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கு மூன்று வயது. "தேக்குக்குப் பெயிண்டா?" என்று அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தேக்குப்பித்தன்:
நான் உங்கள் அண்ணன் கட்சி. நகரத்தார் ரங்கூனில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கப்பலேறி வந்த மரம் அது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழிலும் தொடர்பும் ஒடிந்துபோயின. காட்டில் முதிர்ந்த அந்த மாதிரிப் பலகைக்கு இன்றைய தோட்டத் தேக்கு பக்கத்தில் வராது. எனாமல் யாரோ செய்த பாவம், அதற்கு மேல் நீங்கள் வேறு ஒன்று செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) அரக்கைக் கரைத்துப் பூசும் அரக்குப் பாலிஷ் போடுங்கள். கதவைத் திறந்து வைத்துப் பார்த்தால் அண்ணன் ஏன் கோபப்படுகிறார் என்று புரியும்.

வண்ணக்கிளி:
ஆரம்பித்துவிட்டார். சார், அந்த அம்மா மியூசியம் வைக்கப் போவதில்லை, குழந்தையின் துணியை மடித்து வைக்கப் போகிறார். பெயிண்ட் அடித்தால் மரத்துக்கு அவமானம் என்று யார் சொன்னது? சுவீடனில் 18-ஆம் நூற்றாண்டு குஸ்தாவியன் பாணி அலமாரிகள் செய்யும்போதே பெயிண்ட் அடிக்கப்பட்டவை. இன்று அந்தப் பழைய பெயிண்ட் இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. சாக் பெயிண்டை ஆனி ஸ்லோன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி 1990-இல் கொண்டுவந்ததே இந்த மாதிரிப் பழைய சாமான்களுக்காகத்தான். பெரும்பாலும் தேய்க்கவே வேண்டாம், மேலே மெழுகு போட்டால் முடிந்தது. உங்கள் அரக்குப் பாலிஷில் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

தேக்குப்பித்தன்:
சுவீடன்காரன் அடித்தது பெரும்பாலும் பைன் மரத்துக்கு. மலிவு மரத்தின் முகத்தை மறைக்க வேண்டியிருந்தது, அடித்தான். தேக்குக்கு எதை மறைக்க வேண்டும்? அரக்கில் வட்டம் விழுந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒத்தி, மேலே ஒரு கை பாலிஷ் ஓட்டினால் போய்விடும். இழைக்குள் இறங்கின வெளிர் நீலத்தை எதை வைத்து எடுப்பீர்கள்? பின்னால் வருகிறவன் பல் குத்தும் ஊசியோடு உட்கார வேண்டியதுதான்.

வண்ணக்கிளி:
ஏற்கெனவே எனாமல் இருக்கிறதே! நீலம் அதன் மேல்தானே உட்காரும், இழைக்குள் எங்கே இறங்கும்?

இழைப்புளி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மலர் தங்கச்சி, உப்புத்தாளைத் தொட்டுவிட்டீர்களா? தொட்டிருந்தால் இன்றோடு விடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. எழுபதுகளின் எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் படியும். மூன்று வயதுப் பிள்ளை தரையில் கை வைக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியில் கை வைக்கும் விஷயம், இதில் விளையாட்டு வேண்டாம்.

வண்ணக்கிளி:
பார்த்தீர்களா! அப்படியென்றால் உரிக்காமல் மேலே அடித்து மூடுவதுதான் பாதுகாப்பு.

இழைப்புளி:
அதுவும் இல்லை மேடம். செதில் விடுகிற எனாமல் மேல் எதை அடித்தாலும் அதோடு சேர்ந்து உதிரும். அலமாரியில் கதவு விளிம்பும் இழுப்பறை ஓரமும் தினமும் உரசுகிற இடங்கள். மேலே இருக்கும் நீலம் முதலில் போகும், அடியில் இருப்பது அப்புறம் தூளாகும். உரித்தாலும் சரி, மூடினாலும் சரி, அந்த விளிம்புகள் சுத்தமாகும்வரை குழந்தை அறைக்கு இந்த அலமாரி ஆகாது.

உரிப்பதென்றால் வெளியில், நிழலில், கீழே பிளாஸ்டிக் விரித்து, ரிமூவர் (பெயிண்டை இளக்கும் திரவம்) தடவி, ஈரமாகவே சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியதைக் கட்டித் தனியாக வைக்க வேண்டும். ரிமூவர் லேபிளில் மெத்திலின் குளோரைடு என்று இருந்தால் வாங்காதீர்கள். மூடிய அறையில் ஆளைக் கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். தேக்கு கறுத்துவிடும், மூட்டில் போட்ட பழைய வச்சிரப் பசை இளகி மூட்டெல்லாம் ஆடும்.

இன்னொன்று. கதவின் உள்பக்கம் எனாமல் இல்லைதானே? மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அது பழைய அரக்கு.

மலர்_கோவை:
தொட்டேன், ஒட்டுகிறது. பஞ்சில் தேன் நிறத்தில் கறை வந்தது. மேல்தட்டில் விரித்திருந்த பழைய காகிதத்தை எடுத்தேன், அடியில் இழை கோடு கோடாக அவ்வளவு அழகாக இருக்கிறது. நல்ல வேளை, உப்புத்தாள் இன்னும் கவரில்தான்.

தேக்குப்பித்தன்:
நான் முதலிலேயே சொன்னேன், கதவைத் திறந்து பாருங்கள் என்று.

வண்ணக்கிளி:
உள்ளே அழகுதான், யார் இல்லை என்றார்கள்? அந்த இருட்டு ஹாலில் ஆறடித் தேக்கு நின்றால் இன்னும் இருட்டாகும், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முழுக்க உரிக்கும் கூலி எவ்வளவு என்றும் யாரும் வாயைத் திறக்கவில்லை. உபதேசம் இலவசம், ஆசாரி இலவசமில்லை. விளிம்புகளை மட்டும் ஈரமாகச் சுரண்டி மரம்வரை எடுங்கள். தேக்கின் எண்ணெயும் சாயமும் வெளிர் நிறத்தில் பழுப்பாகக் கசியும், அதனால் அரக்கு பிரைமர் (அடிப்பூச்சு) ஒன்று கொடுத்துவிட்டு நீலம் அடியுங்கள். உள்பக்கத்தை அப்படியே விடுங்கள்.

இழைப்புளி:
மற்ற இடத்தில் எனாமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதுவும் செய்யலாம், தப்பில்லை. எதுவானாலும் அந்தப் பின்னங்காலை முதலில் பாருங்கள். கரையான் தின்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பழைய தேக்குத் துண்டு ஒன்றை ஒட்டுப்போடச் சொல்லுங்கள். பட்டி அடைத்தால் ஆறடி பாரம் தாங்காது.

மலர்_கோவை:
சரி, காலுக்கு ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன், அலமாரி இப்போதைக்குப் பால்கனியில். முழுக்க உரித்துப் பாலிஷ் போடும் கூலியில் பாதியை அண்ணன் கொடுத்தால் தேக்கு, இல்லாவிட்டால் நீலம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

தேக்குப்பித்தன்:
அண்ணனிடம் நான் வேண்டுமானால் பேசிப் பார்க்கட்டுமா?

வண்ணக்கிளி:
பேசுவதற்குப் பதில் மீதிப் பாதியை நீங்கள் கொடுங்கள் சார்.