மறு: வண்டி பெயின்ட்ல வர்ற துருப்புள்ளிக்குத் தமிழ்ச்சொல்

எல்லாருக்கும் வணக்கம்.

> ‘துருப்புள்ளி’ன்னு ஒரே சொல்லை வெச்சுக்கலாமே, யாருக்கும் உடனே புரியும். புதுசா எதுக்கு?

உடனே புரியும்தான், ஆனா என்ன புரியும்னு கொஞ்சம் யோசிங்க. வெள்ளைக் கார் கதவுல ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சு கலர்ல பொடிப்பொடியா தெரியறதையும் துருப்புள்ளிங்கறோம், பானெட் நுனியில கல்லடிபட்டு பெயின்ட் தெறிச்ச எடத்துல பழுப்பா கிளம்பறதையும் துருப்புள்ளிங்கறோம், சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவுல பெயின்ட் கொப்புளிச்சு நிக்கிறதுக்கும் அதே பேருதான். மூணும் வந்த வழி வேற, போக்கற வழியும் வேற. முதல் வகைமேல உப்புத்தாள் போட்டா நல்லா இருந்த பெயின்ட்டை நாமளே கெடுத்துடுவோம், ரெண்டாவது வகைமேல மெழுகு தேச்சு மினுக்கி விட்டா அடியில தகடு போயிட்டே இருக்கும். பேரைக் கேட்டதும் கையில எதை எடுக்கணும்னு தெரியணும், அதுதான் என் கோரிக்கை. அதுக்கு ஒரு சொல் போதாது, மூணு வேணும்.

முதல் வகைல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா குழப்பம் அதிகமா இருக்கறது இதுலதான். இது வண்டியோட தகடுல வந்த துருவே கிடையாது. பிரேக் பிடிக்கறப்போ டிஸ்க்கும் பேடும் தேஞ்சு பறக்கற தூள், தண்டவாளத்துல ரயில் சக்கரம் உரசிக் கிளம்பற தூள், பக்கத்துல யாராவது கிரைண்டர் போட்டு இரும்பு அறுத்தா தெறிக்கிற பொறி, இதெல்லாம் காத்துல வந்து பெயின்ட் மேல உக்காந்துக்குது, சூடா வந்து விழற பொறியா இருந்தா கொஞ்சம் உள்ளயே பதிஞ்சும் போயிடுது. அப்புறம் ஈரம் பட்டதும் அந்தத் துணுக்குதான் துருப்பிடிக்குது. அடியில பெயின்ட் முழுசா இருக்கு, தகடுக்கு இன்னும் ஒண்ணும் ஆகல. இதைக் கண்டுபிடிக்க பம்பரைப் பாருங்க. இப்ப வர்ற கார்கள்ல பம்பருக்கு வெளியில தெரியற பாகம் பெரும்பாலும் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, அங்கயும் அதே ஆரஞ்சுப் புள்ளி இருந்தா அது வெளியில இருந்து வந்து படிஞ்சதுதான். வண்டியைக் கழுவித் தொடச்சுட்டு, கையை ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டுத் தடவிப் பாத்தாலும் சொரசொரன்னு நெருடறது நல்லாத் தெரியும்.

> இரும்புப்பொழிவு? துருத்தூறல்?

இந்த முதல் வகைக்கு வந்த ரெண்டு சொல்லும் கேக்க நல்லாருக்கு. ஆனா ரெண்டும் விழறதைத்தான் சொல்லுது, விழுந்து ஒட்டிக்கிட்டு நிக்கிறதைச் சொல்லல, நமக்குக் கண்ணுக்குத் தெரியறது நிக்கிறதுதானே. ‘துருத்தூறல்’ல இன்னொரு சிக்கல், விழறப்போ அது துரு இல்ல, வெறும் இரும்பு, படிஞ்சப்புறம்தான் துருவாகுது. அதனால நான் முன்வைக்கிறது ‘படிதுரு’. வளர்பிறை, சுடுநீர் மாதிரி வினைத்தொகை, படிந்த துரு, படிகிற துரு, இனிமே படியப்போற துரு எல்லாம் அதுலயே அடங்கிடும். வினைத்தொகையில வல்லினம் மிகாதுங்கறதால நடுவுல ‘த்’ வராது, அதை மட்டும் எழுதறப்போ கவனிக்கணும், ‘படித்துரு’ன்னு போட்டா யாரோ எதையோ படிச்ச மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது வகைக்கு வர்றேன். தகடு மேல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும். பல வண்டிகள்ல தகடுக்கு நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு), அதுக்கு மேல பாஸ்பேட் படலம், அப்புறம் மொத்த வண்டிக்கூட்டையும் தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சிப் பூசற ஒரு பூச்சு, அதுக்கு மேல பிரைமர், அப்புறம் நிறம், கடைசியா நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேந்து பொதுவா 100லேர்ந்து 150 மைக்ரான்தான் வரும், ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, இல்லேன்னா அதுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ரோட்டுக்கல் ஒண்ணு வேகமா தெறிச்சா மொத்தத்தையும் தாண்டித் தகடைத் தொட்டுடும். நாகம் இருக்கற வரைக்கும் அது தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாத்தும், அதுவும் தீர்ந்ததும் இரும்பு, ஆக்சிஜன், தண்ணி மூணும் ஒண்ணு சேர்ந்தாச்சு, உப்பு இருந்தா வேகம் இன்னும் கூடும். துரு, அது உருவாகக் காரணமான இரும்பை விட அதிக எடம் அடைக்கும், அதனால சுத்தி இருக்கற பெயின்ட் ஓரத்தை நெம்பித் தூக்கி, தூக்கின சந்துல ஈரத்தை இழுத்து, மறுபடி பரவும். வெளிய கடுகளவு தெரிஞ்சா பெயின்ட்டுக்கு அடியில அதைவிட அகலமா போயிருக்கும்னு வெச்சுக்கங்க.

இதுக்கு வந்த சொற்கள்ல ‘எழுதுரு’ எனக்கு ரொம்பப் புடிச்சிருந்தது, உள்ளேர்ந்து எழற துரு. ஆனா கம்ப்யூட்டர்ல தமிழ் புழங்கறவங்க எல்லாரும் அதை எழுத்துருன்னுதான் படிப்பாங்க, அது நடக்காது. ‘உள்துரு’ன்னா இலக்கணப்படி ‘உட்டுரு’ன்னு புணரும், யாரும் அப்படிச் சொல்லப் போறதில்ல. நான் ‘அரிதுரு’ன்னு சொல்றேன். அரிமானம், அரிப்புங்கற சொற்கள் ஏற்கனவே பாடப்புத்தகத்துல புழங்குது, அதே வேர். தகடை அரிக்கிற துருங்கறது சொல்லுலயே இருக்கு.

> அரிது + உரு = அரிதுருன்னும் பிரிக்கலாமே?

பிரிக்கலாம் ஐயா, ஒத்துக்கறேன். தனியா நின்னா குழப்பம் வரும். ஆனா ‘கதவுல அரிதுரு வந்திருக்கு’ன்னு படிக்கிறவர் யாரும் அபூர்வமான உருவம் வந்திருக்குன்னு நினைக்க மாட்டாரு. படிதுரு, அரிதுருன்னு பக்கத்துல பக்கத்துல வர்றப்போ ஒண்ணு இன்னொண்ணுக்கு அர்த்தம் சொல்லிடும்.

மூணாவது வகைக்கு ‘குமிழ்துரு’. கதவோட அடியில தண்ணி வடியறதுக்கு ஓட்டை இருக்கும், அது மண்ணடைச்சுப் போச்சுன்னா தண்ணி உள்ளயே நின்னு தகடு பின்பக்கத்துல இருந்து அழியும், வெளிய பெயின்ட் குமிழா எழும்பறப்போ காலம் கடந்திருக்கும். இது வீட்டுல உக்காந்து செய்யற வேலை இல்ல, பெரும்பாலும் தகடை வெட்டி எடுத்து வெல்டிங் வைக்கணும். சர்வதேசத் தரநிலையே இதைப் பிரிச்சுதான் பாக்குது, பூச்சுல வர்ற கேடுகளை மதிப்பிடற ஐஎஸ்ஓ 4628 வரிசையில கொப்புளத்துக்கு 2ஆம் பகுதி, துருவுக்கு 3ஆம் பகுதின்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. நாம பிரிக்கிறதுல தப்பே இல்ல.

இப்ப மருந்துக்கு வர்றேன், இங்க பேர் மாறினா பெயின்ட்டே கெட்டுடும். ‘துருநீக்கி’ன்னு ஒரே பேர்ல மூணு திரவத்தைச் சொல்லிட்டு இருக்கோம். ஒண்ணு பாஸ்பாரிக் மாதிரி அமிலம், துருவைக் கரைச்சு எடுக்கறது, தகடுக்கு மட்டும். இன்னொண்ணு துருவை வேற பொருளா மாத்திடறது. மூணாவது, படிதுருவுக்குன்னே வர்ற தெளிப்பு, பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட் மாதிரி ஒரு உப்பு இருக்கும், இரும்புத் துணுக்கோட சேர்ந்து ஊதா கலரா மாறி ஒழுகும், கந்தக நாத்தம் அடிக்கும். பெயின்ட் மேல அடிக்கறதுக்குன்னே செஞ்சது இந்த மூணாவது மட்டும்தான். முதலாவதுக்கு ‘துருநீக்கி’ அப்படியே இருக்கட்டும், ரெண்டாவதை ‘துருமாற்றி’ன்னும் மூணாவதை ‘துகள்கரைப்பி’ன்னும் சொல்லலாம். துகள்கரைப்பியை நிழல்ல, தகடு ஆறி இருக்கறப்போ கையுறை போட்டுத்தான் அடிக்கணும், சில நிமிஷம் விடணும், காய விடாம நிறைய தண்ணி ஊத்திக் கழுவணும். மிச்சம் ஒட்டிட்டு இருக்கறதை வழுவழுப்புத் திரவம் தெளிச்சு, பெயின்ட்டுக்குன்னே வர்ற களிக்கட்டியால (கிளே பார்) மெதுவா உருட்டி எடுக்கலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது, களி கீழ விழுந்தா அதைத் தூக்கிப் போட்டுடணும், மண்ணு ஒட்டிட்டு அப்புறம் பெயின்ட்டைக் கீறும்.

துருமாற்றியில பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், டானிக் அமிலம் துருவோட சேர்ந்தா நீலங்கலந்த கறுப்பா ஒரு சேர்மம் ஆகி நிக்கும். கடுக்காய்ல இருக்கற துவர்ப்பும் இதே குடும்பம்தான், கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தா மை கறுக்கறதும் இதே வேதியியல்தான். இந்தத் துவர்ப்புப் பொருளான டானினுக்குத் ‘துவர்ப்பி’ன்னு யாராவது முன்மொழிஞ்சா நான் கையைத் தூக்குவேன், ஆனா அது வேற இழையில பேசவேண்டியது.

பூச்சுகளோட பேர் ரொம்ப முக்கியம். பிரைமரையும் பேஸ் கோட்டையும் சொல்லுக்குச் சொல் மாத்தினா ரெண்டுமே ‘அடிப்பூச்சு’ன்னு வந்து நிக்குது, அப்புறம் செய்முறை எழுதறப்போ எதை முதல்ல பூசணும்னே தெரியாம போயிடும். அதனால வேலையை வெச்சுப் பேர் வைப்போம். தகடைப் பிடிச்சுக்கற பிரைமர் ‘பிடிபூச்சு’, கலர் குடுக்கற பேஸ் கோட் ‘நிறப்பூச்சு’, மேல வர்ற கிளியர் கோட் ‘தெளிபூச்சு’. இப்ப அரிதுருவைப் போக்கற வழியை எழுதிப் பாக்கிறேன், சொல் தாங்குதான்னு தெரியும்: கழுவி எண்ணெய்ப்பசை போகத் தொடச்சுட்டு, உதிர்ற துருவைக் கூரான முனையால சுரண்டி, உப்புத்தாளைச் சின்னதா மடிச்சுப் பளபளன்னு தகடு தெரியற வரைக்கும் தேய்ங்க, பெயின்ட் ஓரம் படிக்கட்டு மாதிரி நிக்காம சரிவா வரணும், குழியில எடுக்க முடியாத மிச்சத்துக்கு மட்டும் துருமாற்றியைக் கொஞ்சமா தொட்டு வெச்சு டப்பாவுல போட்டிருக்கற நேரம் காய விடுங்க, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால தொடச்சுப் பிடிபூச்சு, அது காஞ்சதும் நிறப்பூச்சை மெல்லிசா ரெண்டு மூணு தடவை, கடைசியா தெளிபூச்சு. நிறத்துக்கான குறியீட்டை நிறைய வண்டிகள்ல கதவுத்தூண் ஸ்டிக்கர்ல போட்டிருப்பாங்க, அதைப் பாத்து வாங்கினாத்தான் ஒத்துப்போகும். தேச்ச தகடை மறுநாளைக்குன்னு அப்படியே விடக்கூடாது, காத்து ஈரத்துலயே மெல்லிசா துரு ஏறிடும். துருவை எடுக்காம மேல பட்டி (குழியை நிரப்பற பசை) வெச்சு மூடறது எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயம், பட்டி ஈரத்தை உறிஞ்சும், மூடி வெச்ச அரிதுரு குமிழ்துருவா திரும்பி வரும்.

இத்தனையும் பெரும்பாலும் இங்கிலீஷ் சொல் தேடாம எழுத முடிஞ்சதுன்னா, அதுக்கு உப்புத்தாளும் ஒரு காரணம். பொடி ஒட்டின தாளுக்கு வந்த அந்தப் பேர் இன்னைக்கும் எல்லாக் கைக்கும் தெரியும். பட்டியும் அப்படித்தான், அதை மாத்தவே கூடாது.

பாதுகாப்புக்கான பேர்கள்தான் இன்னும் முடியல. மெழுகு மெழுகாவே இருக்கட்டும், சில வாரத்துலேர்ந்து சில மாசம் தாங்கும், படிதுரு ஆழமா ஒட்டாம இருக்க உதவும், கல்லடியைத் தடுக்காது. புதுசா பூசின எடத்துல உடனே மெழுகு வேணாம், உள்ள இருக்கற கரைப்பான் ஆவியாகிப் போக ஒரு மாசம் மாதிரி விட்டுட்டுத் தேய்ங்க. பெயின்ட்டைக் காக்க மெழுகு மாதிரி தேய்க்கற சீலன்ட்டை ‘அடைப்பி’ன்னு எழுதறாங்க, அந்தச் சொல் கண்ணாடி ஓரத்துல சந்துகளை அடைக்கிறதுக்குப் பொருந்தும், பெயின்ட் மேல தேய்க்கறதுக்கு ஒட்டல, தேய்க்கறது செயற்கைப் பாலிமர்ங்கறதால ‘செயற்கை மெழுகு’ன்னே சொல்லிடலாம். கல்லடியை நிஜமா தாங்கறது 150லேர்ந்து 200 மைக்ரான் தடிமன்ல வர்ற பாலியூரித்தேன் ஒட்டுப்படலம்தான், அதைக் ‘காப்புப்படலம்’னு சொல்லிட்டுப் பூச்சுங்கற சொல்லை அங்க தவிர்த்துடலாம்.

மிச்சம் செராமிக் கோட்டிங். தெளிபூச்சுக்குப் பதிலா ‘கண்ணாடிப்பூச்சு’ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், அதை இதுக்குத் திருப்பி விடலாமான்னு பாக்கிறேன், ஏன்னா இதுல பெரும்பாலும் சிலிக்கா அடிப்படைதான், காஞ்சப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய அடுக்கா இறுகுது. ஆனா கார் கண்ணாடி மேல பூசற மழைநீர் விலக்கியையும் அதே பேர்ல படிச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு. பெயின்ட் வேலை தெரிஞ்சவங்க, பட்டறையில இதை என்ன சொல்லிக் கேக்கறாங்கன்னு எழுதுங்க.

அன்புடன்