ஃபான் ராங்கிலிருந்து ஹோய் ஆன் வரை: இருவராகப் போன சிக்கனப் பயணம் – உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

வியட்நாமுக்கு நம் ஊரில் விற்கிற டூர் பேக்கேஜ்கள் பெரும்பாலும் ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், ஹோ சி மின் நகரம் என்ற நான்கு இடங்களோடு முடிந்துவிடுகின்றன. நடுவில் இருக்கும் நீண்ட கடற்கரையை விமானம் தாண்டிப் போய்விடுகிறது. அந்த விட்டுப்போன கரையோரத்தைத்தான் நானும் என் கணவரும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ரயிலில் போய்ப் பார்த்தோம். செலவு குறைவு, பழகிய மனிதர்கள் அதிகம். நான் ஆரம்பிக்கிறேன், போய் வந்தவர்கள் தொடருங்கள்.

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இ-விசா 25 டாலர். திருச்சியிலிருந்து ஹோ சி மின்னுக்கு நேர் விமானம் கிடைத்தது. ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை, அவ்வளவுதான் சாமான். ஆயிரம் டாங் என்பது ஏறக்குறைய மூன்றரை ரூபாய். சின்ன ஊர்களில் குடும்பமாக நடத்தும் விடுதிகளில் இரண்டு பேருக்கான ஏசி அறை 2,50,000 டாங்குக்குக் கிடைத்தது. நம் காசில் எண்ணூற்று ஐம்பது, தொள்ளாயிரம் வரும். காலையில் தெருவில் விற்கும் பான் மீ ரொட்டி 20,000 டாங். ஒன்றைக் கவனியுங்கள்: 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். பர்ஸில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோ சி மின்னிலிருந்து ஹனோய் வரை 1,726 கிலோமீட்டருக்கு ஒரே ரயில் பாதை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஆரம்பித்து 1936-ல் முடித்தார்கள். நாடு இரண்டானபோது பாதையும் துண்டாகி, போர் முடிந்த பிறகு 1976 கடைசியில்தான் மறுபடியும் முழுமையாக ஓடியது. இந்தப் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கிப் போவதுதான் எங்கள் திட்டம். உட்காரும் இருக்கையே போதும், பகல் பயணத்துக்குப் படுக்கை தேவைப்படவில்லை.

முதலில் இறங்கியது தாப் சாம் ஸ்டேஷன். ஃபான் ராங் ஊருக்கான ரயில் நிலையம் அதுதான். வியட்நாம் என்றாலே பச்சை வயல் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த ஊர் வேறு முகத்தைக் காட்டும். நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதி. முள்செடி, ஆட்டு மந்தை, உப்பளம், நடுவே திராட்சைத் தோட்டங்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே குன்றின் மேல் போ குலோங் கராய் கோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கரையை ஆண்ட சாம் மக்கள் கட்டிய சிவாலயம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. செங்கல்லுக்குச் செங்கல் நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலுக்கு மேலே ஆறு கைகளோடு ஆடும் சிவன், உள்ளே போகும் இடத்தில் நந்தி, கருவறையில் முகம் செதுக்கிய லிங்கம்.

அங்கே பேரனோடு வந்திருந்த ஒரு சாம் பாட்டியைச் சந்தித்தோம். என் கணவர் நந்திக்கு முன் கைகூப்பியதைப் பார்த்துவிட்டு, பாட்டி தானாக வந்து பக்கத்தில் நின்றார். பேரன் கல்லூரி மாணவன், போனில் தட்டி மொழிபெயர்த்தான். நாங்கள் 'சிவன்' என்றோம். பாட்டி தலையை ஆட்டிவிட்டு, 'இது எங்கள் ராஜா போ குலோங் கராய்' என்றார். வாய்க்கால் வெட்டி அணை கட்டித் தண்ணீர் கொடுத்த அரசன், செத்துத் தெய்வமானவன் என்று பேரன் விளக்கினான். இவ்வளவு வறண்ட மண்ணில் தண்ணீர் கொடுத்தவனைக் கும்பிடாமல் யாரைக் கும்பிடுவார்கள்? கல்லணையைக் கட்டிய கரிகாலனை இன்னும் பெயர் சொல்லிப் பேசும் ஊர்க்காரர்கள் நாங்கள், எங்களுக்கு அது உடனே புரிந்தது. விவசாயிகள் விளைச்சலுக்காக அந்த நந்திக்குப் படையல் வைக்கும் வழக்கமும் உண்டாம். பாட்டி கிளம்பும்போது பையிலிருந்து ஒரு திராட்சைக் கொத்தை எடுத்து என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

ஊருக்குத் தெற்கே பாவ் ட்ருக் என்ற குயவர் கிராமம். போனால் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். அங்கே சக்கரம் கிடையாது. ஒரு மேடை மேல் மண்ணை வைத்துவிட்டு, குயவர் பெண் பானையைச் சுற்றிப் பின்பக்கமாக நடக்கிறார். ஈரத் துணியைக் கையில் சுற்றி விளிம்பை வழித்துக்கொண்டே நடக்க நடக்க, வாய் வட்டமாகிக்கொண்டே வருகிறது. ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சூளையும் இல்லை, வெட்டவெளியில் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். இந்தக் கலையை 2022-ல் யுனெஸ்கோ உடனடியாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. செய்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதை நேரில் பார்த்தபோது மனது கனத்தது.

சாப்பாடு. என் கணவர் சுத்த சைவம், அதுதான் கிளம்பும்போது என் பெரிய கவலை. 'சாய்' என்று பலகை இருந்தால் சைவக் கடை. சோறு, டோஃபு, கீரை, காளான் எல்லாம் சேர்த்து ஒரு தட்டு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியில் அங்கேயும் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அன்று கடைகளும் கூடுதலாக இருக்கும். ஆனால் தெருக்கடையில் எதைத் தொட்டாலும் மீன் சாஸ்தான். ஃபான் ராங்கில் மாலை நேரத்தில் பான் கான் சுடும் ஒரு அம்மா இருந்தார். கரி அடுப்பின் மேல் மண் அச்சு, அதில் அரிசி மாவை ஊற்றி மூடி வைத்து எடுப்பது. நம் பணியாரம் போலவே இருக்கிறது. மேலே முட்டை, கணவாய், இறால் என்று போடுவார். என் கணவருக்கு அது எதுவும் வேண்டாம் என்று சைகையில் சொன்னதும், அடுப்பின் ஒரு ஓரத்து அச்சுகளை மட்டும் துடைத்து, புது எண்ணெய் தடவி, வெறும் மாவை ஊற்றினார். மீன் சாஸுக்குப் பதிலாக உப்பும் வேர்க்கடலைப் பொடியும் கலந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தார். மறுநாள் நாங்கள் தெரு முனையில் வரும்போதே அந்த ஓரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நா ட்ராங் பெரிய சுற்றுலா நகரம், விலையும் அப்படித்தான். போ நகர் கோவில் கோபுரங்களைப் பார்த்தோம், கிளம்பிவிட்டோம். விடிகாலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்குப் போனால் மட்டும் ஊர்க்காரர்களின் நா ட்ராங் தெரியும். தாத்தா, பாட்டி, பேரக் குழந்தைகள் என்று ஊரே கழுத்தளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் அத்தனை பேரும் காணாமல் போய்விடுவார்கள்.

அடுத்து துய் ஹோவா. அகலமான கடற்கரை, வெளிநாட்டவர் கூட்டம் இல்லை. அதற்கு வடக்கே கான் டா டியா என்ற இடத்தில் எரிமலைக் குழம்பு உறைந்து அறுகோணத் தூண்களாக வெடித்து, கடலுக்குள் அடுக்கி வைத்ததுபோல் நிற்கிறது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஒப்பந்தப்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தப்படியான உரிமத்தை. வண்டி தருகிறவர் கேட்கமாட்டார், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. நாங்கள் ஊருக்குள் சைக்கிள், தூரத்துக்கு பைக் டாக்ஸி என்று வைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் குய் நோன், ஹோய் ஆன். அந்த இரண்டையும் நன்றாகப் பார்த்தவர்கள் இங்கே எழுதுவார்கள் என்று விட்டு வைக்கிறேன்.

* * *

சகோதரி, குய் நோனுக்கு நான் வருகிறேன். நானும் மனைவியும் ரயில் டிக்கெட் கிடைக்காமல் நா ட்ராங்கிலிருந்து இரவு ஸ்லீப்பர் பஸ் பிடித்தோம். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்துவிட வேண்டும். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு. என் உயரத்துக்கு முழங்காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. ஊருக்குள் விடுவோம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். விடிய நேரம் இருக்கும்போது, நகரத்துக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலையில் எழுப்பி இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. வடக்கே போகிற பஸ்கள் பலவும் ஊருக்குள் நுழையாது என்று பிறகு தெரிந்தது. இரவு பஸ் எடுப்பவர்கள் எந்த இடத்தில் இறக்குவார்கள் என்பதை மேப்பில் குறித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இருட்டு. லாரிகள் மட்டும் போகின்றன. மனைவி என் கையை விடவில்லை. சாலை ஓரத்தில் ஒரு காபிக் கடையில் விளக்கு எரிந்தது. லாரி ஓட்டுநர்கள் படுத்து எழுவதற்காக வரிசையாகத் தூளிகள் கட்டியிருக்கும் கடை அது. நெடுஞ்சாலை முழுக்க அப்படிக் கடைகள் உண்டு. உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா டார்ச்சோடு வந்தார், எங்கள் முகத்தில் அடித்துப் பார்த்தார், பிறகு மனைவியின் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப் போனார். இரண்டு தூளிகளைக் காட்டினார். மனைவிக்கு மட்டும் ஒரு போர்வை கொண்டுவந்து கால் வரை இழுத்துப் போர்த்திவிட்டு, தன் நாற்காலியை எங்கள் பைகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெளிச்சம் வந்ததும் காபி, அதோடு ஐஸ் போட்ட தேநீர். காபிக்கு மட்டும் காசு வாங்கினார். தூளிக்கு எவ்வளவு கொடுத்தும் வாங்கவில்லை. அவரே பைக் டாக்ஸிக்காரர் இருவரைக் கூப்பிட்டு, விலை பேசி, எங்களை ஏற்றிவிட்டார்.

குய் நோன் எனக்கு இந்தக் கரையிலேயே பிடித்த ஊர். நகரத்துக்குள்ளேயே வீடுகளுக்கு நடுவில் சாம் காலத்து இரட்டைக் கோபுரம் நிற்கிறது. காலையில் மீனவர் பகுதிக்குப் போனால் மூங்கில் பின்னிய வட்டப் பரிசல்களைப் பார்க்கலாம். மரப்பிசின் பூசி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், உட்காரச் சொல்லி இடம் காட்டினார். பின்னலுக்குள் பிசினைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுகிறார். பிறகு வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் எங்காவது ஊசி முனையளவு தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் மறுபடி அதே இடம். பிரெஞ்சுக்காரர்கள் படகுக்கு வரி போட்டபோது 'இது படகே இல்லை, கூடை' என்று சொல்லித் தப்பித்தார்கள் என்று ஒரு கதை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். கதை எப்படியோ, அந்தப் பெரியவரின் விரல் வேலை உண்மை. மனைவி அன்று காலை முழுக்க அங்கிருந்து எழுந்து வரவில்லை.

இன்னொன்று: 2025 ஜூலையில் 63 மாகாணங்களை 34 ஆக இணைத்துவிட்டார்கள். குய் நோன் இருந்த பின் டின் இப்போது கியா லாய் மாகாணத்தில், துய் ஹோவா இருந்த ஃபூ யென் டாக் லாக்கில் சேர்ந்துவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் முகவரியைக் காட்டும்போது இதை நினைவில் வையுங்கள். ஊர்க்காரர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.

* * *

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஹோய் ஆன் பற்றி நான் சுருக்கமாக. அழகான ஊர், மாலையில் கூட்டம் தாங்காது. பழைய நகரத்தைக் காலை ஏழு மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். அறையை ஆன் பாங் கடற்கரைப் பக்கம் எடுத்தால் விலை குறைகிறது, சைக்கிளில் வந்துவிடலாம்.

நான் எழுத வந்தது மீ சோன் பற்றி. ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சாம் அரசன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோவில் எடுத்த பள்ளத்தாக்கு. 1969-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் அங்கிருந்த பெரிய கோபுரமே விழுந்துவிட்டது. அந்தப் பள்ளங்கள் இன்னும் புல் மூடிக் கிடக்கின்றன. பார்க்கும்போது என் மனைவி அழுதுவிட்டார்.

நாங்கள் இந்தியர் என்று தெரிந்ததும் அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கைகூப்பினார். பக்கத்துக் கிராமத்துக் கொத்தனார். இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் சில ஆண்டுகள் அங்கே கோவில்களைச் சீரமைத்தது. அந்த வேலையில் அவரும் கூலிக்கு இருந்திருக்கிறார். 2020-ல் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டதே, நம் வெளியுறவு அமைச்சர்கூட அதைப் பற்றிப் பதிவு போட்டார், அது இந்த வேலையின்போதுதான். போனைத் திறந்து இந்தியப் பொறியாளர்களோடு எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு எங்களை ஒரு சுவருக்குக் கூட்டிப் போய், பழைய செங்கல் மேல் விரலை வைத்தார்: சுத்தமாக இருந்தது. பக்கத்தில் பின்னாளில் வைத்த செங்கல்: பாசி. ஆயிரம் வருடத்துக் கல்லில் பாசி ஏறவில்லை, நாங்கள் வைத்ததில் ஏறுகிறது என்று கையை விரித்துக் காட்டினார். தன் வேலையை அப்படி நேர்மையாகக் காட்டிய ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டூர் பஸ்ஸில் வந்திருந்தால் அவரோடு நிற்க எங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

* * *

முதலில் எழுதியவள்தான். தூளி கொடுத்த அந்த அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டு வீட்டில் என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். தனிச்செய்தியில் பலர் எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நடுக்கடற்கரையில் செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை புயலும் வெள்ளமும் வரும், ஹோய் ஆனில் தெருவுக்குள் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை நல்ல காலம். சந்திரப் புத்தாண்டு வாரத்தில் கடைகள் மூடியிருக்கும். ஏப்ரல் 30, மே 1 இரண்டும் தேசிய விடுமுறை. அந்த வாரம் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டையும் அறையையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டா நாங்குக்கு வடக்கே இருக்கும் ஹுவே நகரத்துக்குப் போகிறவர்கள் டா நாங்கிலிருந்து ரயிலில் போங்கள். ஹை வான் மலைக் கணவாயில் வண்டி கடலை ஒட்டி வளைந்து ஏறும். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல்.